பின்சீட்டும் மச்சான் மீசையும்

எண்பதுகளில் எங்கள் திண்டுக்கல்லில் சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் விட்டால், ஒரு பள்ளி மைதானத்தில் பழைய கார்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். கார் கண்காட்சி என்று பெயர். வந்தவர்கள் காரைப் பார்த்தது கொஞ்சம், எந்தக் கார் எந்த வகையில் சேரும் என்று சண்டை போட்டது அதிகம். வகை மூன்று: அசல், மாற்றியது, இதர. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் அசல். அதில் சிறந்த காருக்கு மட்டும்தான் பித்தளைக் கோப்பை.

ஒரு வருடம் குஜிலியம்பாறை விவசாயி ஒருவர், பம்புசெட் இஞ்சினை வைத்துத் தானே இரும்பைப் பற்றவைத்துச் செய்த வண்டியை ஓட்டி வந்தார். இதரவில் நிறுத்தச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸ்டியரிங் இருக்கு, ஆரன் இருக்கு. போன ஆவணியில மாப்பிள்ளை ஊர்வலமே போயிருக்கு. பொறவு இது பிளசர் காரு இல்லாம என்ன, மாட்டுவண்டியா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு மணி நேரம் கத்தியது. நான் முதலில் அவர் பக்கம் பேசினேன். அந்தப் பக்கம் ஜெயிக்கிற மாதிரித் தெரிந்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். சண்டை சீக்கிரம் முடிந்தால் எனக்குப் பிடிக்காது.

நாகல் நகரில் காருக்கு சீட் தைக்கும் கடை வைத்திருந்தேன். இஞ்சின், பம்பர், விளக்கு என்று பேசுகிறார்கள், சீட்டை ஒருத்தரும் மதிப்பதில்லையே என்று எனக்கு எப்போதும் எரிச்சல். அந்த வருடம் கோப்பை பழனிப் பக்கத்துக்காரர் ஒருவருக்குப் போக இருந்தது. அவர் கார் சீட்டில் உட்கார்ந்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஸ்பிரிங்க எடுத்துட்டு உள்ள தேங்கா நார வச்சிருக்கு. இது எப்படி அசல்?" என்று கிளப்பிவிட்டேன்.

சாயங்காலம் வரை வாதம் நடந்து, சீட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழனிக்காரர் 'மாற்றியது' வரிசைக்குப் போனார். கோப்பை என் அக்காள் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. சத்தியமாக மச்சானுக்காக நான் அதைச் செய்யவில்லை. சொன்னால் யாரும் நம்பவில்லை.

மச்சானின் கார், கொடைரோட்டில் ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து அவருடைய அப்பா வாங்கியது. அதன் பின்சீட்டு ஸ்பிரிங்குகள் அக்காளை இடுப்பிலேயே குத்திக்கொண்டிருந்தன. அடுத்து வந்த தைப்பூசத்துக்கு மச்சான் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிய அன்றே, கிழிந்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையோடு அக்காள் என் கடைக்கு வந்து நின்றாள்.

"அம்புட்டு ஸ்பிரிங்கையும் பிடுங்கிப் போடுடா. மேல பழைய உறையவே தச்சுரு. அவருக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவாரு."

அவர்கள் வீட்டு ஷெட்டில் இரண்டு நாள் வேலை. தேங்காய் நாரை அடைத்து, மேலே இலவம்பஞ்சைப் பரப்பி, பழைய தையல் ஓட்டையிலேயே ஊசி விட்டுத் தைத்தேன். அத்தனை அழகான திருட்டு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

மச்சான் முருகனுக்குத் தலைமுடியைக் கொடுத்துவிட்டு மீசையைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். சித்திரையில் கண்காட்சிக்கு முந்தின நாள் டீக்கடையில் அந்த மீசையைத்தான் பந்தயம் வைத்தார்.

"என் வண்டியில ஒண்ணே ஒண்ணு மாத்தினதுன்னு எவனாச்சும் காட்டட்டும். மைதானத்திலேயே மீசைய எடுத்துர்றேன்."

எனக்கு டீ புரையேறியது.

மறுநாள் அசல் வரிசையில் இரண்டே கார். ஒன்று மச்சானுடையது, இன்னொன்று பழனிக்காரருடையது. மனுஷன் ஒரு வருடம் அலைந்து, அதே மாதிரிப் பழைய ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்து சீட்டில் போட்டிருந்தார். நடுவர், டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர். நார் வைத்ததை எடுத்துவிட்டதால் இதுவும் அசல்தான் என்று ஏற்றுக்கொண்டார். இரண்டு இஞ்சினையும் குனிந்து பார்த்தார். குறை இல்லை.

"சீட்டு விதி நீ கொண்டாந்ததுதானே தம்பி? நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

"நான் சொந்தக்காரனாச்சே" என்று நழுவப் பார்த்தேன்.

பழனிக்காரரே முன்னால் வந்தார். "அதனால என்னங்க? போன வருசம் நீங்க சொன்னது நெசந்தானுங்க. உங்க வாயில வந்தா சரியாத்தானுங்க இருக்கும்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சீட்டில் உட்கார்ந்தேன், கிறீச்சென்றது. மச்சான் சீட்டில் உட்கார்ந்தேன், ஒரு சத்தமும் இல்லை. அக்காள் குடைக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். கூட்டத்தில் எவனோ "சவரக்கத்தி ரெடியா?" என்றான். மச்சான் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு வேப்பமரத்தை வேடிக்கை பார்த்தார்.

"ரெண்டும் அசல்தான்" என்றேன்.

"இதுல சத்தமே வரலியே?" என்றார் நடுவர்.

"மச்சான் எண்ணெய் போட்டு வச்சிருக்காரு."

"அம்புட்டு அக்கறையா வச்சிருக்காருன்னா கோப்பை அவருக்குத்தான்" என்று அவர் முடித்துவிட்டார். மீசையைக் காப்பாற்றச் சொன்ன பொய், கோப்பையையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பழனிக்காரர் கைதட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது பின்சீட்டில் நானும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்காளும். மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏன்டா மாப்ள, உள்ள நார் மட்டுமா, பஞ்சும் உண்டா?"

அக்காள் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டும்தான்" என்றேன். "தெரிஞ்சேவா மச்சான் மீசையப் பந்தயம் வச்சீக?"

"சீட்டுன்னா நீதானே பாக்கப் போறே? மூணு மாசமா மத்தியானம் அதுலதான் தூங்குறேன். சொகமா இருக்கு."

மறுவாரம் பழனிக்காரர் பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க மச்சான் ஸ்பிரிங்குக்கு என்ன எண்ணெயுங்க போட்டாரு?"

"தேங்காய் எண்ணெய்" என்றேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். அதில் தேங்காய் வரைக்கும் உண்மை.