விபத்தில்லாத முன்னூறு நாட்கள்

நீங்கள்தான் பொய் எழுதச் சொன்னீர்கள். எழுதியவன் நான். என் பங்கை நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன். உங்கள் வாய் இன்னும் திறக்கவில்லை.

படிப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் இடம். கேட்டைத் தாண்டியதும் ஒரு பச்சைப் பலகை இருக்கும். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, அதன் கீழே ஒரு எண். தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றுவது என் வேலை. யாருக்காவது அடிபட்டு அது பதிவானால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். முன்னூறைத் தொட்டால் ஆளுக்கொரு பிரஷர் குக்கர் என்று மேலாளரான நீங்கள் அறிவித்திருந்தீர்கள்.

இருநூற்று எண்பத்தேழாம் நாள், அச்சு தூக்கும் சங்கிலியின் கொக்கி ஆடி வந்து என் மச்சானின் நெற்றியில் அடித்தது. மச்சான் என்றால் என் தங்கையின் கணவன். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவனே நான்தான். வியர்க்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தான். விழுந்தவன் கண் திறக்க வெகு நேரம் ஆயிற்று. திறந்ததும் என் கையைப் பிடித்தான்.

“ரிஜிஸ்டர்ல எழுதிடாத மச்சான். குக்கர் போச்சுன்னா இவனுங்க என்னைச் சும்மா விடமாட்டானுங்க.”

“அதானே! எம் பொண்டாட்டி, புதுசு வருதுன்னு இருக்கிற குக்கரைத் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துட்டா” என்றான் சுற்றி நின்றவர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அடிபட்டவனும் சிரித்தான்.

ஆம்புலன்ஸ் வந்தால் தெரிந்துவிடும் என்று உங்கள் காரில் அனுப்பினீர்கள். “வீட்ல வழுக்கி விழுந்தார்னு சொல்லிடுங்க. ரெண்டு நாள் லீவு போட்டுக்கலாம்” என்றீர்கள். கிளினிக் சீட்டில் அப்படியே எழுதவைத்தேன். நெற்றியில் தையல் போட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. மறுநாள் காலை பலகையில் இருநூற்று எண்பத்தெட்டு என்று மாற்றினேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

குக்கர் வந்தது. மச்சான்தான் வரவில்லை. அவன் உடம்பு வந்தது, வேறு யாரோ உள்ளே இருந்தான்.

முன்பெல்லாம் பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்பவன். இப்போது சாவு வீட்டில் சத்தமாகச் சிரித்தான். சோற்றுத் தட்டை வீசினான். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் இரண்டு ஆடுகளோடு திரும்பினான். இருப்பது வாடகை வீடு, அதுவும் இரண்டாம் மாடி. தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். “அண்ணா, குடிச்சிருந்தாக்கூட நாளைக்குத் தெளிஞ்சிரும்னு இருப்பேன். இந்த மனுசன் குடிக்கிறதுகூட இல்லியே!” ‘ஒழுங்கீனம்’ என்று எழுதி அவனை வேலையை விட்டு நீக்கினீர்கள். நானும் அவனைத் திமிர் பிடித்தவன் என்றுதான் திட்டினேன்.

பிறகு டீக்கடையில் சர்க்கரை அதிகம் என்று தகராறு. ஷட்டர் இறக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக் கடைக்காரரின் கையை உடைத்துவிட்டான். கைது செய்து சேலம் சிறையில் வைத்தார்கள். அங்கே ஒருநாள் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் தலையை ஸ்கேன் செய்தார்கள். நெற்றிக்குப் பின்னால் மூளையில் பழைய காயம்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், இதனால்தான் அடித்தானா என்று. “இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இப்படி அடிபட்ட எத்தனையோ பேர் யார் மேலயும் கை வெக்கிறதில்லை. ஆனா கோபத்தை நிறுத்துற இடம் இதுதான். அடிபட்டது எப்போ? அதுக்கு முன்னாடி ஆள் எப்படி? அதுக்குப் பேப்பர் இருக்கா?” என்றார்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் பிரஸ்ஸில் கை உள்ளே போனால் சென்சார் மெஷினை நிறுத்திவிடும். சென்சார் போனாலும் மெஷின் ஓடும், முன்பு போலவே பலத்தோடு. பேப்பர்தான் இல்லை. இருந்த ஒரே சீட்டில் வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதவைத்தவன் நான்.

நடந்ததை அப்படியே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே வேலை போயிற்று. சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மச்சானுக்கு ஜாமீன் கிடைத்தது. டீக்கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்போட்ட கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அவன் தலையில அடின்னா என் கை ஒட்டிக்குமாப்பா?”

“ஒட்டாதுங்க.”

“அவனைக் கடைப்பக்கம் வரவேணாம்னு சொல்லு. ஆனா மறைச்சவன் இருக்கான் பாரு, அவனை விடாதே.”

அவர் கோபம் நியாயம். மச்சான் செய்தது குற்றம்தான். அது எங்கே தொடங்கியது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது மாத்திரை, பயிற்சி என்று ஏழு மாதமாகிறது. கோபம் ஏறினால் மாடிப்படியில் இறங்கி ஏறச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்தவன் தட்டை வீசவில்லை. நான்கு முறை இறங்கி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, “உப்பு குடு” என்றான். தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் திரும்பவும் சிறைக்குள் போவதா, சிகிச்சையைத் தொடர்வதா என்பது அந்த ஒரு நாள் நடந்ததை நிரூபிப்பதில் நிற்கிறது. நீங்களோ, ‘எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு விபத்தே இல்லை’ என்று கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். சொந்தக்காரன் சொல்வதை யார் நம்புவார்கள் என்கிறார் அரசு வக்கீல். ஆனால் அன்று குக்கர் ஜோக் அடித்தவன் போன வாரம் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு அந்தக் குக்கரோடு வந்தான். “இத நீங்களே வெச்சுக்குங்க சார், இதுல சோறு இறங்க மாட்டேங்குது” என்று மேஜையில் வைத்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவனுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் போட்டார்கள்.

எங்களில் நான்கு பேர் சொல்லிவிட்டோம். மிச்சம் நீங்கள். கடிதம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தப் பச்சைப் பலகைக்கு முன்னால் வந்து நில்லுங்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கேட்கும்படி மைக்கில் சொல்லுங்கள்: இருநூற்று எண்பத்தேழாம் நாள் அந்த எண் ஏன் பூஜ்யமாகவில்லை?