இல்லாத சுரப்பிக்கு மாத்திரை

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டும் அம்மா தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார் என்று தெருவே பேசியது. ஆதாரம் இல்லாமல் பேசுகிற தெருவா நம்முடையது? வெட்டுமேசையிலேயே தலை சாய்த்தாராம். கொளுத்தும் வெயிலில் சால்வை போர்த்தினாராம். அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்து, ஒரு கட்டுத் துணி முழுவதையும் சட்டையின் இடது கையாகவே வெட்டித் தள்ளினாராம்.

இடது கை விஷயம் உண்மைதானா என்று கடைக்குப் போய் விசாரித்தேன். முதலாளி மூட்டையைக் காட்டினார். அத்தனையும் இடது கை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கத்திரியை வாங்கி வச்சுட்டு பொத்தான் தைக்க உக்கார வச்சிருவேன். என்ன மாத்திரை போடுறாங்களோ!"

மாத்திரை உண்டுதான். ஆனால் தின்றதால் வந்த தூக்கமில்லை அது, தின்னாததால் வந்தது. கழுத்தில் கட்டி வந்து, அந்த அம்மாவின் தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அது சுரந்து கொடுத்ததை இனி ஆயுள் முழுக்க மாத்திரைதான் கொடுக்க வேண்டும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாவம், அதே வீட்டில் அவரைவிடப் பெரிய மருத்துவர் ஒருவர் வந்து போவது அவருக்குத் தெரியாது: கணவரின் அக்கா.

"சுரப்பியையே வெட்டி எடுத்தாச்சு. இல்லாத சுரப்பிக்கு எதுக்குடி மாத்திரை? ஆளே இல்லாத வீட்டுக்குப் பால் ஊத்துற மாதிரி!"

"அக்கா சொல்றதும் சரிதானே," என்றார் கணவர். தலையாட்டுவதைத் தவிர வேறு உடற்பயிற்சி அறியாதவர்.

பிறகுதான் அக்காவின் ஆராய்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போனது. இந்த மாத்திரை உடம்பை இளைக்க வைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். "வீணாத்தானே கிடக்கு, குடு," என்று டப்பாவோடு வாங்கிப் போனார். சுரப்பியே இல்லாதவருக்கு வேண்டாத மாத்திரை, நல்ல சுரப்பி உள்ளவருக்கு அவசியம்! இந்தத் தர்க்கத்தைக் கண்டுபிடிக்கத் தனி மூளை வேண்டும்.

வாரங்கள் போயின. இங்கே தம்பி மனைவிக்கு முகம் வீங்கி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அங்கே அக்காவுக்கு நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, "என் தம்பி பொண்டாட்டி குடுத்த மாத்திரை டாக்டர்!" என்று கண்ணீர் விட்டார். மருத்துவர் தம்பி மனைவியையும் வரவழைத்து, இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"அவங்க உடம்பு ஓடுறதே அந்த மாத்திரையிலதான். உங்க உடம்பு தானாவே ஓடுது, அதைப் போட்டு எதுக்கும்மா விரட்டுறீங்க?"

வெட்டும் அம்மா மறுநாளே மாத்திரையைத் தொடங்கினார். கடைக்குப் போய்க் கத்திரியைத் தாமே முதலாளியிடம் கொடுத்தார். "ரத்தத்தைப் பாத்து டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பொத்தான் தைக்கிறேன். அப்புறம் இது என்கிட்டயே வரணும்." இரண்டு மாதத்தில் வந்தது. சீருடைகளுக்கு மறுபடி இரண்டு கையும் முளைத்தன.

தெரு திருந்தியதா? நாத்தனாருக்கு விஷம் வைத்தவள் என்று இப்போது பேசுகிறது.

அந்த நாத்தனார் போன வாரம் கடைக்கு வந்தார், தைக்கக் கொடுத்த புதுச் சட்டையைக் கேட்டு.

"டப்பா எங்க அண்ணி?"

"எந்த டப்பா? என்னைக் கொல்லப் பாத்துட்டு டப்பாவையும் கேக்குறியா?"

டப்பாவில் இப்போது ஊக்கு போட்டு வைத்திருக்கிறாராம். மிச்ச மாத்திரை போன இடம் தெரியாது.

"இடது கை வெட்டி வச்சிட்டேன் அண்ணி. மாத்திரை வந்ததும் வலது கை வெட்டுறேன்."

சட்டை இன்னும் ஒற்றைக் கையோடு அலமாரியில் கிடக்கிறது.