மூலை ஃபில்டரில் ஓர் ஓட்டை

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம் இருந்த ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. சிட்லபாக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். அந்த வருடம் எங்கள் முதலாளி கண் சொட்டு மருந்து தயாரிக்கப் புதிதாக ஒரு கிளீன் ரூம் கட்டியிருந்தார். தூசியும் கிருமியும் நுழையக் கூடாத அறை அது. கூரையில் பெட்டி பெட்டியாக ஆறு ஃபில்டர்கள். அவற்றில் வடிகட்டிய காற்று மட்டும்தான் உள்ளே இறங்கும். சோதனையில் அறை தேறினால்தான் லைசென்ஸுக்கே போக முடியும்.

சோதனை செய்ய வந்தவர், ஃபில்டர் விற்ற கம்பெனியின் டெக்னீஷியன். நாற்பது வயது இருக்கும். குன்றத்தூரிலிருந்து மொபெட்டில் வருவார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஃபில்டருக்கு மேல்பக்கம் புகையை விட்டு, கீழே ஏணியில் நின்றபடி ஒரு குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். எங்காவது புகை கசிந்தால் மீட்டரில் முள் ஏறும்.

ஐந்து தேறிவிட்டன. மூலையில் இருந்த ஆறாவதில் முள் ஏறியது.

“லீக் கீது மேடம். இத்த மாத்தணும்” என்றார்.

எனக்கு உடனே சுருக்கென்றது. மாற்ற வேண்டும் என்று சொல்வதும் இவர், மாற்று ஃபில்டரை விற்கப்போவதும் இவர் கம்பெனி. மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுநாள் பார்த்தார். அதே இடம், அதே பதில். கூடவே, “மாட்டறதுக்கு முன்னாடி யாராச்சும் இத்த தொட்டாங்களா மேடம்?” என்று கேட்டார். பழியை எங்கள் பக்கம் தள்ளுகிறார் என்று எனக்குக் கோபம். “இங்க யாரும் அவ்வளவு பொறுப்பில்லாம இல்ல” என்றேன்.

அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே தெரிந்தது. ஆட்கள் இருந்தால் மீட்டர் ஆடுகிறது என்று எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். எதையோ மறைக்கத்தான் என்று நினைத்தேன். ஆபீஸ் போனில் தன் கம்பெனியோடு தாழ்ந்த குரலில் பேசினார்; திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கதவிலிருந்த கண்ணாடி வழியாக ஒளிந்து பார்த்தேன். ஏணியில் நின்று, டார்ச் அடித்து, மூலை ஃபில்டருக்கு மிக அருகில் விரலைக் கொண்டுபோனார். எனக்கு அது போதும்.

நேராக முதலாளியிடம் போய், அந்த டெக்னீஷியனே ஓட்டை போட்டுவிட்டு நம் தலையில் புது ஃபில்டரைக் கட்டப் பார்க்கிறார், கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். புகார்க் கடிதத்தை நானே டைப் அடித்தேன். அன்று மாலையே அவருடைய கம்பெனி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கருவிகளைப் பெட்டியில் அடுக்கியவர், போகும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். “ஒரு தபா நீங்களே ஏணில ஏறி டார்ச் அடிச்சிப் பாருங்க மேடம்.”

அவர் சொல்லி நான் ஏறுவதா என்று அன்று ஏறவில்லை. மறுநாள் ஆபீஸ் வந்ததும் மனசு கேட்காமல் ஏறினேன். அவருக்கு எதிராக ஆதாரம் ஒன்று கிடைக்கும், அதை வைத்து இன்னொரு கடிதம் எழுதலாம் என்ற எண்ணம்தான்.

ஃபில்டரின் உள்பக்கம் காகிதம் போல மெல்லியது, விசிறி மடிப்பு மாதிரி மடித்திருப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மடிப்புகளின் ஓரம் நசுங்கி, நடுவில் மயிரிழையாய் ஒரு கிழிசல். அதைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வட்டம். கட்டைவிரல் அகலம்.

ஏணியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அது சந்தனம். சில வாரங்களுக்கு முன்பு ஆயுத பூஜை. ஸ்டோரில் ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த நான், இதுவும் நம் புது மருந்துக்குத்தானே என்று உள்ளே தெரிந்த ஃபில்டர் மீதும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள், கிளீன் ரூமுக்குப் போகிற பொருளில் கறை இருக்கலாமா என்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்ததும் நான்தான்.

இறங்கினேன். அந்தக் காற்றின் கீழ் மருந்து நிரப்பி, அது யாரோ ஒருவர் கண்ணில் விழுந்திருந்தால்? அதைவிட வெட்கமான இன்னொரு எண்ணமும் வந்தது. ஃபில்டரை எப்படியும் மாற்றப் போகிறோம், வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை அந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. எழுந்து போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. “அந்த மனுஷன் பேரைக் கெடுத்துட்டோமேம்மா” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மன்னிப்புக் கடிதத்தையும் நானே டைப் அடித்து, டெக்னீஷியனின் கம்பெனிக்கு நேரில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே புது ஃபில்டரோடு வந்தார். மாட்டினார், சோதித்தார், முள் அசையவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது நான் தயங்கித் தயங்கி, சந்தனக் கறை அவருக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

“மொத நாளே பாத்துட்டேன் மேடம். இங்க பெருக்கித் தொடைக்கிற அக்கா வச்சிருக்கும்னு நெனச்சேன். சொன்னா அதுக்கு வேலை பூடும். அதான் லீக்குன்னு மட்டும் சொன்னேன்.”

காபி கொண்டுவரச் சொன்னேன். இன்னொரு இடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் முழுதாக என்னை மன்னித்தார் என்று நான் நினைக்கவில்லை. மன்னித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சந்தேகம் அவருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. இரண்டுமே தப்பான ஆள் மீது. அவர் அதை முகம் தெரியாத ஒரு பெண்ணின் பிழைப்புக்காக மனசுக்குள் வைத்துக்கொண்டு என் பழியையும் சுமந்து போனார், நானோ என் சந்தேகத்தை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன் என்பதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.