முப்பது மைக்ரான்

பள்ளிக்கூடத்துக்குப் போனதில் எங்கள் வீட்டில் முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் சொந்தமாக, கனம் அளக்கும் ஒரு ஸ்க்ரூ கேஜ் வாங்கினேன். அதை எங்கே போனாலும் பையில் வைத்திருப்பேன்.

போன முறை மிளகாய்ப் பாத்தியில் களை வராமல் மூடப் போட்ட பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டைக் கோரைப்புல் ஊசியாகக் குத்திக்கொண்டு மேலே வந்தது. பாதிச் செடி போனது. இந்த முறையும் அப்படி ஆனால் மிளகாயே வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நாற்று தயார். பௌர்ணமிக்குள் நட வேண்டும். கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்குள் எந்த வண்டியும் நுழையாது.

வேங்கிக்கால் கடையில் அப்பா ஷீட்டை வேட்டி எடுப்பதுபோல விரலால் நெருடினார். மொடமொடவென்று இருந்ததால் கெட்டி என்று முடிவு செய்துவிட்டார். முப்பது மைக்ரான் என்றார் கடைக்காரர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது விரலுக்கு எப்படித் தெரியும்?

ஓரத்தை எட்டு மடிப்பாக மடித்து கேஜில் வைத்தேன்.

"இன்னாம்மா, ஷீட்டு வாங்க வந்தியா, எக்ஸ்ரே எடுக்க வந்தியா?" என்றார் கடைக்காரர். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

மொத்தம் 0.16 மில்லிமீட்டர். எட்டால் வகுத்தால் இருபது மைக்ரான். கேஜை அவரிடமே நீட்டினேன். உற்றுப் பார்த்தவர், கம்பெனிக்காரன் எழுதி அனுப்பியதைத்தான் சொன்னதாக முனகியபடி உள்ளேயிருந்து வேறொரு ரோலைத் தூக்கி வந்தார். தொட்டால் துணிபோலத் துவண்டது. அப்பாவுக்குப் பிடிக்கவேயில்லை. எட்டு மடிப்பு 0.24 காட்டியது. முப்பதேதான்!

அப்பா என்னைப் பார்த்தார். "கோரை ஏறாதில்ல?"

"ஏறாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அளந்தது நான்தான், ஆனால் கோரை என்ன செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நட்ட பிறகு தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்னே பாத்திக்கு ஓடினேன்.

ஒருநாள் ஷீட்டுக்கு அடியில் அங்கங்கே குட்டிக் கூடாரம்போலப் புடைத்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா குனிந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், கோரை ஷீட்டில் முட்டி வளைந்து, வெளியே வர முடியாமல் வெளுத்துக் கிடந்தது. செடிக்குப் போட்ட துளையில் மட்டும் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன. அவற்றைப் பிடுங்கி எறிந்தார்.

வரப்பில் போன பக்கத்து நிலத்துக்காரர், இது என்ன ஷீட் என்று விசாரித்தார்.

"முப்பது மைக்ரான்" என்றார் அப்பா, நிமிராமலே. "வாங்கறதுக்கு முன்னாடி எம்பொண்ண இட்டுனு போ."