மாமாவின் காலைப்பொழுது

மாமா வீட்டில் பகலில்தான் இருட்டு. கிழிந்த குடைகளின் கறுப்புத் துணியைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, அத்தை ஒரு திரை தைத்து வைத்திருந்தாள். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அது ஜன்னலில் ஏறிவிடும். பள்ளி விடுமுறைக்குப் போகும் நான் அந்த வாரத்தில் மாட்டிக்கொண்டால் தொலைந்தேன். சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது, வாளியைச் சத்தம் கேட்க வைக்கக் கூடாது. தொண்ணூறுகளில், தாமிரபரணிக் கரையோர நூல் மில் ஒன்றில், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை ராத்திரி, ஒரு வாரம் முழு ராத்திரி என்று மாமாவைப் பம்பரமாய்ச் சுற்றவிட்டார்கள். அவரும் சளைக்காத மனிதர். நடுச்சாமத்தில் கேன்டீன் புரோட்டாவையும் சால்னாவையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, விடிந்ததும் வந்து படுத்து, நாங்கள் சாயங்காலக் காப்பி குடிக்கும்போது எழுந்து இட்லி கேட்பார்.

அவருக்குச் சர்க்கரை என்று ஜங்ஷன் டாக்டர் சொன்னபோது அத்தைக்குக் கோபம்தான் வந்தது. “நாலு லட்டு தின்னு வந்திருந்தாலும் மனசு ஆறும். அதுவுமில்லையே” என்றாள். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகல் வாரம் ஒழுங்காகப் போனது. ராத்திரி வாரமும் மாமா ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார், அதுதான் வினை. வேலை முடிந்து காலையில் வந்தார், மாத்திரையை விழுங்கினார், சாப்பாட்டை எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

மதியம் அத்தை போட்ட சத்தத்தில் உள்ளே ஓடினேன். மாமா வேர்வையில் தொப்பலாக நனைந்து, வாய் குழற, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். செத்துப்போவார் என்றே நினைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் சர்க்கரைக்காரர். ஓடிவந்து பார்த்தவர், “சீனியக் கரைச்சுக் கொண்டாம்மா, வெரசா” என்றார். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சீனியா என்று அத்தை தயங்க, அவரே டப்பாவை எடுத்தார். அரை டம்ளர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மாமா தெளிந்து கேட்ட முதல் கேள்வி, “இட்லி ஆயிட்டா?”

சாயங்காலம் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வே, நான் சொன்னது உம்ம காலைய. நீரு எப்ப எந்திச்சுச் சாப்பிடுதீரோ அதுக்கு முன்னாடிதான் மாத்திரை. அதப் போட்டுட்டுச் சாப்பிடாமப் படுத்தா ரத்தத்துல இருக்க வேண்டிய சர்க்கரையும் எறங்கிரும்லா.” பிறகு குரலைத் தணித்தார். “உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுது. வாராவாரம் முள்ளத் திருகுனா அது என்ன செய்யும்? சாமத்துல தின்னதச் செரிச்சு அனுப்பத் தெரியாம ரத்தத்துலயே சர்க்கரைய விட்டுருது. உமக்கு இது வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.”

மறுநாள் அத்தை மில் மேனேஜர் முன் நின்றாள். “இவுகளுக்குப் பகல் ஷிப்ட் போடுங்க. இல்லைன்னா ராத்திரி நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்.” சொன்னபடி செய்வாள் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த மாதமே பகல் ஷிப்ட் வந்தது. சர்க்கரை போய்விடவில்லை, மாத்திரைக்கு அடங்கி நின்றது.

பழக்கதோஷத்தில் இரவில் தூக்கம் வராமல் கிடந்த மாமாவோடு அத்தையும் விழித்திருந்து பேசினாள். “இத்தன வருசம் மில்லு வச்சிருந்த ஆள, இப்பத்தாண்டி எங்கிட்டத் தந்திருக்காவ” என்று என்னிடம் சொன்னபோது அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன வாரம் போயிருந்தேன். அத்தை ஏதோ கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியிலேயே மாமாவிடமிருந்து குறட்டை. “பாத்தியாட்டி? மில்லே தேவல. அங்கனயாவது முழிச்சிருந்தாவ” என்று அலுத்துக்கொண்டவள், மீதிக் கதையை அவர் தூக்கம் கலையாதபடி என் காதோடு சொல்லி முடித்தாள்.