காது மாதம்

எங்கள் வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் ஒன்றாம் தேதி காலையில் யாரும் 'குட் மார்னிங்' போடுவதில்லை. திட்டம் போடுவோம். அந்த மாதம் படிக்கப் போகிற புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்து, கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். விண்கலம், வேற்றுக்கிரகம், டிராகன், மந்திரக் கத்தி, இதில் ஒன்றாவது இல்லாத புத்தகத்துக்கு இடமே கிடையாது. மாதக் கடைசியில் எதை முடித்தோம், எதை முடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் கூசாமல் புளுகுவோம். பிள்ளை பெற்றவர்களெல்லாம் டிராகனுக்கு எத்தனை கால் என்று சண்டை போடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்குச் செம்மேட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. வீடு கீழே சேந்தமங்கலத்தில். காலையில் கொல்லிமலை ஏறி, சாயங்காலம் இறங்குவேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வெறுமனே உட்கார்ந்திருப்பவர்களுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும். எனக்கு மட்டும் படித்துக்கொண்டே வர முடியும். உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான்.

நான் தினமும் போய்வருகிற தனியார் பஸ்ஸின் டிரைவரை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு புத்தகம். ஸ்டியரிங்குக்கு முன்னால் முருகன் படத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே செங்கல் தடிமனில் ஒன்று கிடந்தது. அட்டையில் டிராகன்.

"ஏனுங்ண்ணா, இது யாருதுங்க?" என்று கேட்டேன்.

"என்னுதுதானுங்க அம்மிணி. ஏன், டிரைவர் படிக்கக் கூடாதுங்களா?"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே அவரைக் குழுவில் சேர்த்துவிட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் திட்டம் போடுவார். மாதத்துக்கு மூன்று தடிப் புத்தகம். வண்டி சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் நிற்கிற நேரத்தில், ஸ்டியரிங் மேலேயே விரித்து வைத்துப் படித்து முடித்துவிடுவார். என்னுடைய விண்வெளிக் கதைகளை அவர் மதிக்கவே மாட்டார். "அத்தாம்பெரிய கப்பல்ல ஒரு ஸ்டியரிங் கூட இல்லீங்களே, எப்படித்தான் திரும்பறாங்களோ" என்பார். அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும். கீழே இருக்கிற குழு ஆட்களுக்கும் எனக்கும் புத்தகம் போய்வந்தது அந்தப் பையில்தான். முக்கியமான விஷயம், மாதக் கடைசியில் புளுகாத ஒரே ஆள் அவர். முடிக்கவில்லை என்றால் முடிக்கவில்லை என்றே சொல்வார்.

முதலில் மாறியது அவருடைய திட்டம்தான். ஒரு மாதம், எல்லாமே ஏற்கெனவே படித்த புத்தகங்கள். 'பழசை மறுபடி படிக்கிறேன்' என்று போட்டிருந்தார். அதற்கடுத்த மாதமும் அதே. நாங்கள் ஆளுக்கொரு கைதட்டல் படம் போட்டு, மறுவாசிப்பின் அருமை பெருமைகளைப் பேசித் தீர்த்தோம். பிறகு ஒரு ஒன்றாம் தேதி எழுத்தே இல்லை. குரலில் பேசி அனுப்பியிருந்தார். "இந்த மாசம் காதுல மட்டுந்தானுங்க. கதையப் படிச்சுச் சொல்றாங்கல்ல, அதக் கேக்கலாம்னு இருக்கறேன்."

குழுவுக்குக் குஷி தாங்கவில்லை. அந்த மாதத்துக்குக் 'காது மாதம்' என்று பெயரே வைத்துவிட்டோம். எல்லோரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதை கேட்க வேண்டும் என்று ஒருவர் போட்டி வைத்தார். நானும் காதில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். ஏன் என்று அவரை யாரும் கேட்கவில்லை. உலகம் அழியப் போகிற கதை என்றால் முதல் அத்தியாயத்திலேயே மோப்பம் பிடித்துவிடுகிற கூட்டம் நாங்கள். அவ்வளவு புத்திசாலிகள்.

காது மாதம் முடிந்ததும் அவரிடம் ஒரு விண்வெளி நாவலைக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான், வம்பிழுக்க. என்னுடைய அந்தப் பிரதியில் நடுவே கொஞ்சம் பக்கங்களைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்கள். கதையில் கப்பல் கவிழ்கிற இடமும் அதுவேதான். வாங்கிப் படித்தவர்கள் யாரும் அதைச் சொல்லிச் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. அவர் ஒரு வாரத்தில், சாயங்காலம் செம்மேட்டில் நான் ஏறும்போது கொடுத்துவிட்டார்.

"சூப்பருங்க அம்மிணி."

"நடுவுல ஒண்ணும் வித்தியாசமா இல்லீங்களா?"

"இல்லீங்களே. நல்லாத்தான் போச்சு."

கடைசியில் நீங்களும் புளுகுகிற எங்கள் ஜாதியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். சிரிப்பு சோளக்காடு வரைதான் இருந்தது.

அவருக்குக் கண்டக்டர் அவருடைய மைத்துனர். வழக்கமாகப் பின்படியில் தொற்றிக்கொண்டு வருகிற ஆள். இப்போது சோளக்காட்டில் வண்டி நிற்கும்போதே அவசர அவசரமாக டிக்கெட் போட்டு முடித்துவிட்டு, வளைவு தொடங்குவதற்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மாதக்கணக்காக அப்படித்தான் நிற்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வாய் ஓயாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாட்டு என்று நினைத்திருந்தேன். முன்னால் போய் நின்று கேட்டேன்.

"கார் ஏறுது மாமா. ஒதுங்கு. பைக்கு ரெண்டு. போலாம். லாரி, லாரி, நில்லு."

பாட்டில்லை. எதிரே வருவதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

அன்று மழைக்காலத்து மூடுபனி வேறு. ஜன்னலுக்கு வெளியே மரம் தெரியவில்லை. மற்ற வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. எங்கள் வண்டி மட்டும் வெயில் நாளில் இறங்குகிற அதே வேகத்தில் இறங்கியது. "எந்தப் பனியா இருந்தாலும் இவரு கைக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்று பக்கத்தில் ஒருவர் மெச்சினார். பனியும் வெயிலும் ஒன்றாகிப் போன மனிதர் ஓட்டுகிற வண்டியில் நான் இருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. அடிவாரத்துக் காரவள்ளி வந்து தரையைப் பார்க்கும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் செம்மேட்டில் மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை இருந்துவிட்டு, தலைகீழ்ப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். "படிங்ண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். திருப்பக்கூடவில்லை.

"நேராப் பாத்தா நடுவுல பொகை புடிச்சாப்ல இருக்குதுங்க. ஓரமெல்லாந் தெரியும். சேலத்துல கண்ணாஸ்பத்திரில காட்டினனுங்க. போனது போனதுதான், இருக்கறதயாவது பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் எந்தத் தைரியத்துல வண்டிய எடுக்கறீங்க?" நான் கத்தியேவிட்டேன்.

"ரோடு மனப்பாடமுங்க அம்மிணி. எந்த வளைவுல எத்தன ஒடிக்கோணும்னு கைக்கே தெரியும். குறுக்க வாரதச் சொல்ல மச்சான் இருக்கான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு மனப்பாடமாம். ஆனால் அடுத்து அவர் மகளைப் பற்றிச் சொன்னார். நர்சிங் கடைசி வருஷம். வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. இதுவரை வீட்டிலும் சொல்லவில்லை, மைத்துனருக்கும் தனக்கும் மட்டும்தான் தெரியும் என்றார்.

"இந்த மாசம் மட்டும் போகட்டுமுங்க. ஒண்ணாந்தேதி நானே குரூப்புல சொல்லிப்போடறேன். ஸ்டியரிங்க உட்டுட்டேன்னு திட்டத்துலயே போடறேன். அன்னைக்கே மொதலாளி ஊட்டுக்கும் போயிட்டு வாரேன். நான் எப்பவாவது போட்ட திட்டத்த மீறியிருக்கறனுங்களா?"

மீறியதில்லை. அதுதான் என்னை மடக்கிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த மாதம் நான் ஒரு பக்கம் படிக்கவில்லை. தினமும் முன் சீட்டு. கண்டக்டர் ஒரு பக்கம் முணுமுணுக்க, நான் ஒரு பக்கம் கண்ணாடிக்கு வெளியே விழித்துக்கொண்டு வந்தேன். மழை விடவேயில்லை. வளைவுகளில் மண் சரிந்து கிடந்தது, நேற்று இல்லாத இடத்தில் கல் கிடந்தது. மனப்பாடத்தில் நேற்றைய ரோடுதானே இருக்கும்? வண்டியின் பின்பக்கம் முதலாளியின் நம்பர் பெரிதாக எழுதியிருக்கும். பலமுறை போனில் போட்டுப் பார்த்துவிட்டு, அடிப்பதற்குள் வெட்டிவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினால் தலைகளை எண்ணுவேன். அவர்களில் ஒரு பெண் டிரைவருக்குத் தினமும் டாட்டா காட்டிவிட்டு இறங்குவாள். அவரும் குரல் வந்த பக்கம் பார்த்துக் கையைத் தூக்குவார்.

மாதம் முடிகிற சமயம் வந்துவிட்டது. குழுவில் எல்லோரும் வழக்கம்போலப் புளுக ஆரம்பித்திருந்தார்கள். அன்று சாயங்காலம் செம்மேட்டில் ஏறியபோது, பின்படியில் வேறு ஒரு கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சானுக்கு மத்தியானத்துலருந்து காய்ச்சலுங்க" என்றார் டிரைவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "ஒரு நாளுதானுங்க. நீங்க முன்னால வந்து நில்லுங்க அம்மிணி."

கால் தானாகவே போய் நின்றது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எதைச் சொல்ல வேண்டும், எத்தனை தூரத்தில் சொல்ல வேண்டும் என்றும் தெரியாது. "ஆடுங்ண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆடுகள் பின்னால் போயிருக்கும். சோளக்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பைக் எதிரே வந்தது. எனக்கு வாயே திறக்கவில்லை. அந்த ஆள் வண்டியோடு ஓரத்துச் சேற்றில் இறங்கி விழுந்தார். எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டுவது பின் கண்ணாடியில் தெரிந்தது. டிரைவர் "என்னங்க சத்தம்?" என்று கேட்டார்.

சோளக்காட்டில் வண்டி நின்றது. பனி இறங்கி, சந்தைக் கடைகளின் விளக்குகள் மங்கலாகிவிட்டன. வாழைத்தாரும் மிளகு மூட்டையுமாகப் பெண்கள் ஏறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். இதைத் தாண்டினால் வளைவுகள்தான்.

நான் இறங்கி வண்டியின் பின்னால் போய் நம்பரைப் பார்த்து அடித்தேன். இந்த முறை வெட்டவில்லை. முதலாளி "யாரும்மா நீ? என்ற டிரைவரப் பத்தி என்னம்மா பேசற?" என்று எகிறினார். போனை டிரைவரிடமே கொடுக்கச் சொன்னார். நான் ஜன்னல் வழியாக நீட்டினேன்.

டிரைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணாந்தேதின்னு சொன்னனுங்களே அம்மிணி" என்றார் மெதுவாக. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறாது. இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமாங்க மொதலாளி. தெரியறதில்லீங்க" என்றார். பிறகு இன்ஜினை நிறுத்தினார்.

வண்டியில் இருந்தவர்கள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறவருக்குக் கண் தெரியாதாம், இவள் கண்டுபிடித்துவிட்டாளாம். ஆளாளுக்குப் பேசினார்கள். அரை மணி நேரம் மழையில் நின்று, பின்னால் வந்த பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு ஏறினோம். டிரைவரும் துணிப்பையை எடுத்துக்கொண்டு ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வளைவுகளில் அவர் கைகள் மடியில் இருந்த பையைப் பிடித்துத் தானாக ஒடித்துக்கொண்டு வந்தன. வண்டி திரும்புவதற்கு ஒரு கணம் முன்னால் கை திரும்பியது. ஒரு வளைவு தப்பவில்லை.

பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். திடீரென்று பிரேக் பிடித்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் முன்னால் சரிந்தார்கள். எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க?" என்றார்.

"லாரிங்ண்ணா. பழுதாகி நிக்குது. லைட்டே போடல."

"எந்த எடம்?" என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் விரலை மடக்கி வளைவுகளைக் கணக்குப் பார்த்தார். கை நின்றது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த எடத்துல நான் பிரேக்கே தொடறதில்லீங்க அம்மிணி" என்றார்.

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் லாரியை ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. முன் சீட்டில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த அம்மா, என்னால்தான் இவ்வளவு லேட்டு என்று காரவள்ளி வரை திட்டிக்கொண்டே வந்தார்.