பெரிய டாக்டர் எடுத்த பெட்பேன்

அந்த மனிதரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயர் அச்சில் ஏறியவரைக்கும் போதும், என் கையாலும் அதை ஏற்ற எனக்கு மனசில்லை. பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அவர் தலைமை மருத்துவர். அதே வளாகத்தில் இருந்த நர்ஸ் பள்ளியில் நான் ஆசிரியை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

வார்டு ரவுண்ட்ஸில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரிந்தாலும் அதை நேராகச் சொல்லக் கூடாது. டாக்டர் ஏற்கெனவே சொன்னதைப் போல நினைவுபடுத்த வேண்டும். "சார், ஊசிய மாத்தணும்னு சொன்னீங்கள்லா" என்போம். அவர் சொல்லியே இருக்க மாட்டார். ஆனாலும் முகம் மாறாமல், "ஆமா, மாத்துங்க" என்பார். ஊசி மாறும், காய்ச்சல் இறங்கும், பேர் அவருக்குப் போகும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இதற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் அப்படியே என் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருமுறை வெளியூரிலிருந்து புதிதாக ஒரு பயிற்சி டாக்டர் வந்திருந்தார். பிரசவ வார்டில் சீவலப்பேரியிலிருந்து வந்த பெண் ஒருத்தி, வயல்வேலைக்குப் போகிறவள், தலைப்பிரசவம் முடிந்து படுத்திருந்தாள். ரத்தப்போக்கு நிற்காததை என் மாணவி பார்த்துவிட்டாள். ஓடிப்போய், "சார், அந்தம்மாவ இன்னொரு தடவ பாக்கணும்னு சொன்னீங்கள்லா" என்றிருக்கிறாள். அந்தப் பையனுக்கு எங்கள் ஊர் வழக்கம் எங்கே தெரியும்? "நான் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அவளுக்கு அதற்குமேல் நேராகப் பேச வாய் வரவில்லை. நான் வந்து பார்க்கும்போது விரிப்பு முழுக்க நனைந்து கிடந்தது. உயிரைக் காப்பாற்றினோம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாணவி சாப்பாட்டுக்கு வராமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்குத் தோன்றியதுதான் கூட்டு வகுப்பு. பயிற்சி டாக்டர்களையும் நர்ஸ் மாணவிகளையும் தனித்தனியாக வளர்த்துவிட்டு வார்டில் ஒன்றாகப் பேசு என்றால் எப்படிப் பேசுவார்கள்? ஒரு குழுவை ஒரே அறையில் உட்கார வைத்துப் படிக்க வைப்பது, இன்னொரு குழுவைப் பழையபடியே விடுவது, பிறகு இரண்டு குழுவும் வார்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது. இதை ஆராய்ச்சியாகவே செய்ய வேண்டும் என்று முடிவுகட்டினேன். அதற்குப் பெரிய டாக்டர் அனுமதி வேண்டும். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? வேறு எப்படிக் கேட்க முடியும்? "சார், ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணணும்னு சொன்னீங்கள்லா" என்றேன். அவர் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, ஆமாம், ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அதற்கப்புறம் அவர் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்த்தது அபூர்வம். ஆரம்பத்தில் பையன்கள் முன்வரிசையில் காலை நீட்டி உட்காருவார்கள். அவர்கள் நுழைந்ததும் என் பிள்ளைகள் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார்கள். உட்கார வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். நோயாளியைப் பற்றி மாணவி எழுந்து விளக்க வேண்டும், பயிற்சி டாக்டர் படுக்கை விரிக்க வேண்டும், படுத்தவரைப் புரட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. முகத்தைச் சுளித்தார்கள், முணுமுணுத்தார்கள், பிறகு பைய வழிக்கு வந்தார்கள். ஒருநாள் வார்டில் ஒரு சின்னப் பெண், "பிபி குறையுது, உடனே வாங்க" என்று ஒரு டாக்டரை நேராகவே கூப்பிட்டாள். அவரும் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு ஓடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் வைத்து, என் விடுமுறைகளைத் தின்று, கட்டுரையை நானே எழுதி, அச்சுக்கு அனுப்பச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன்.

அச்சாகி வந்தபோது அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கடைசியில், ஒத்துழைத்த செவிலியர்களுக்கு நன்றியாம். அந்தச் செவிலியர்களில் நான் எந்தச் செவிலி என்று யாருக்குத் தெரியும்? நேராக அவர் அறைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். "சிஸ்டர், இது நான் சொன்னதுன்னு நீங்கதான முதல்ல சொன்னீங்க?" என்றார். பொய் சொல்கிறவர் முகம் இல்லை அது. அவர் அதை உண்மையாகவே நம்பினார். பொய் என்றால் மல்லுக்கு நிற்கலாம், நம்பிக்கையோடு யார் மல்லுக்கட்டுவது? வெளியே வந்தேன். ஒருநாள் உம்ம எல்லார் முன்னாலயும் நிறுத்துதேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

நாள் வந்தது. கூட்டு வகுப்பைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. பெரிய டாக்டர் புதுச் சட்டையில் அவர்களை வார்டுக்கு அழைத்து வந்தார். தொடையெலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டியிருந்த ஏரல் வியாபாரி ஒருவர், நல்ல கனத்த சரீரம், அந்த நேரம் பார்த்து, மலம் கழிக்கப் பெட்பேன் கேட்டார். கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது. நான் குழுவைப் பார்த்துப் பணிவாகச் சொன்னேன்: "சார் நேத்தே சொன்னாங்க. கூட்டு வகுப்புன்னா டாக்டரும் நர்ஸ் வேலை செய்யணும், முதல்ல நானே செஞ்சு காட்டுதேன்னு." பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "சொன்னீங்கள்லா சார்?"

முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பழகின நாக்கு அல்லவா, "ஆமா" என்றுவிட்டது.

நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன், முழுக்க இல்லை. வியாபாரியைத் தூக்கி அடியில் பெட்பேனை வைக்க அவருக்குத் தெரியவில்லை. முதலில் திருப்பிப் பிடித்தார். வியாபாரி வலியில் முனகினார். வேலை முடிந்ததும் அதைக் கையில் ஏந்தி, மூடியில்லாமல், மூடி என் கையில் இருந்தது, வார்டின் நீளத்துக்கும் நடந்தார். இரண்டு பக்கமும் பயிற்சி டாக்டர்களும் என் மாணவிகளும் வரிசையாக நின்றார்கள். "பெரிய டாக்டரய்யால்லா கொண்டு போறாவ" என்று வியாபாரி பதறிப்போனார். எனக்கோ மனசு அப்படியே குளிர்ந்தது. அன்றைக்கு மத்தியானம் ரொம்ப நாள் கழித்து ருசித்துச் சாப்பிட்டேன்.

ஆனாலும் என் பெயர் எங்கேயும் வரவில்லை. குழு அவரைப் புகழ்ந்துவிட்டுப் போனது.

கொஞ்ச வருஷத்தில் அவர் ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் ஆளுயர மாலை. ஏற்புரையில் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், கூட்டு வகுப்புக்கு வந்து சேர்ந்தார். வேலையில் உயர்வு தாழ்வு இல்லை என்று காட்ட, ஒருநாள் தானாகவே முன்வந்து பெட்பேன் எடுத்ததாகச் சொன்னார். குரல் தழுதழுத்தது. கைதட்டல் ஓயவில்லை. அடப்பாவி மனிதா! ஆராய்ச்சியைத்தான் எடுத்துக்கொண்டாய், நான் உனக்குச் செய்த அவமானத்தையுமா எடுத்துக்கொண்டாய்?

நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மூத்தவள் என்று. மைக்கைப் பிடித்தேன்.

"பெட்பேன எடுக்கணும்னு சார் சொல்லல. நான் சொன்னேன்" என்றேன். "கூட்டு வகுப்பு வேணும்னும் சார் சொல்லல. நான்தான் சொன்னேன். அந்தக் கட்டுரைய எழுதுனதும் நான்தான்."

மாலையோடு அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, திகைப்பு. இத்தனை வருஷமும் ரவுண்ட்ஸில் பார்ப்பாரே, அதே பார்வை. அடுத்து அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்தார்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தேன்.